சருமத்துக்கு மூலிகை டீ: முதல் பொட்டலம் வாங்கும் முன்

ஆவாரம்பூ, செம்பருத்தி, சங்குப்பூ, நன்னாரி என்று பெயர்கள் காதில் விழுந்தபடி இருக்கும். எதை வாங்குவது, எவ்வளவு போடுவது, எப்போது குடிப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும் என்பார் ஒருவர், குடிக்கவே கூடாது என்பார் அடுத்தவர். இணையத்தில் நான் வாங்கிய ஒரு பாக்கெட்டின் மேல் ‘18 மூலிகைகள்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அந்தப் பதினெட்டும் எவை என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கேட்டதற்கு ‘அது எங்கள் குடும்ப ரகசியம்’ என்று பதில் வந்தது. இப்படி அலைந்து, விசாரித்து, வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருக்கத்தை அழிக்கிற டீ எதுவும் கிடையாது. முகத்தை வயதுக்கு முன்பே மூப்படையச் செய்வதில் பெரிய பங்கு வெயிலுக்கு, அடுத்தது புகை. வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனோ, குடையோ, முந்தானையோ செய்கிற வேலையை எந்தப் பூவும் செய்யாது. பிறகு ஏன் குடிக்க வேண்டும்? காரணம் எளிமையானது. ஒரு நாளைக்கு மூன்று பால் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 25 முதல் 30 கிராம் சர்க்கரை அதிலேயே போய்விடுகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கும்போது அது தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தோடு ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. மூன்று டீயில் இரண்டை இனிப்பில்லாத மூலிகை நீராக மாற்றினால் வருகிற லாபம், அந்தப் பூவிலிருந்து வருகிற லாபத்தைவிடப் பெரிது என்பதே என் கணக்கு. பூவிலும் கொஞ்சம் இருக்கிறது. அதை மூன்றாவது படியில் பார்ப்போம்.

1. பொட்டலத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை

இது பலருக்குப் பிடிக்காத படி. ஆனாலும் முதல் இடம் இதற்குத்தான்.

கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதா? அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளமாக அது பெரும்பாலும் வரும். தாடையோரம் பரு, கூடவே மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது என்றால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் வறண்டு, உடல் கனத்து, எப்போதும் சோர்வு என்றால் தைராய்டு. முகம் வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்கினால் ரத்தசோகை. இவற்றை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆவாரம்பூ குடிப்பது ஆறு மாதத்தை வீணாக்குவது.

கேட்க வேண்டியவை: ஹீமோகுளோபின் உள்ளிட்ட முழு ரத்த எண்ணிக்கை, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை). கடைசிச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. தனியார் ஆய்வகத்தில் மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் ரூ.1,000 முதல் 1,500 வரை ஆகும். ஊரைப் பொறுத்துக் கூடும், குறையும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் இலவசமாகவே பார்ப்பார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். முடிவுத் தாளை எறியாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பிறகு எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

2. மாத்திரைப் பட்டியலை எழுதுங்கள்

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து, பெயர், அளவு, எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அட்டைகளை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்: ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பித்தான் காலம் காலமாகக் குடிக்கிறார்கள். மாத்திரையும் அதுவும் சேர்ந்து சர்க்கரை கீழே இறங்கிவிடக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக் கருவியில் பார்த்தபடி தொடங்குங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்: அதிமதுரத்தின் பக்கமே போகாதீர்கள். அது அழுத்தத்தை ஏற்றும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ‘ஸ்கின் க்ளோ’ கலவைகளில் சர்க்கரை சேர்க்காமலே இனிப்பு வர வேண்டும் என்பதற்காக அதிமதுரத்தைச் சேர்ப்பது வழக்கம். குடித்தபின் நாக்கில் நெடுநேரம் இனிப்பு நின்றால் சந்தேகப்படுங்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்: மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எந்த டீயும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். துவர்ப்புள்ள எல்லா நீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்பவர்கள், பால் கொடுப்பவர்கள் வீட்டிலேயே சோதனை செய்ய வேண்டாம். செம்பருத்தியைக் கர்ப்பக் காலத்தில் தவிர்க்கச் சொல்வது பாட்டிமார் மட்டுமல்ல, மருத்துவர்களும்தான். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகை நீரையும் நிறுத்திவிட்டு, என்ன குடித்தீர்கள் என்று மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்றை

கலவை வேண்டாம். ஐந்து பூவைக் கலந்து குடித்து உடம்பில் அரிப்பு வந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முதல் இரண்டு மாதம் ஒரே மூலிகை.

ஆவாரம்பூ. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று ஊரில் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சுவை நன்றாக இருக்கும், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கட்டுகிற அதே மஞ்சள் பூ. இலங்கையில் ‘ரணவரா’ என்ற பெயரில் கருப்பட்டித் துண்டோடு குடிப்பார்கள். அங்கே பூளைக்கும் பானம் உண்டு, பெயர் ‘பொல்பலா’. சர்க்கரை மாத்திரை எடுக்காதவருக்குத் தினம் ஒரு கோப்பை போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆவாரைக்கு நெருங்கிய உறவு நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகம் முழுக்கப் போகிற பேதி மருந்து அது. ‘டீடாக்ஸ் டீ’, ‘ஸ்லிம் டீ’, ‘குடல் சுத்தமானால் முகம் பளிச்சிடும்’ என்று வருகிற பாக்கெட்டுகளில் பெரும்பாலும் ‘சென்னா’ என்ற பெயரில் ஒளிந்திருப்பது இதன் இலைதான். மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் எடுத்தால் பரவாயில்லை. தினமும் குடித்தால் நீர்ச்சத்தும் உப்புச்சத்தும் போய், அது இல்லாமல் வயிறே இயங்காது என்ற நிலை வரலாம். நாட்டு மருந்துக் கடையில் ‘ஆவாரை’ என்று மட்டும் கேட்காமல் ‘ஆவாரம்பூ’ என்று அழுத்திச் சொல்லுங்கள். மஞ்சள் இதழ் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; பொடியாக வாங்கினால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

செம்பருத்தி. இங்கே குழப்பம் இன்னும் பெரியது. நம் வீட்டு வாசலில் பூக்கும் ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஒரு செடி. பெரிய கடைகளில் ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று விற்கும் கருஞ்சிவப்புத் துண்டுகள் வேறு செடி: புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்தது, பூவின் அடியில் இருக்கும் தடித்த புல்லிவட்டத்தைக் காயவைத்தது. வாயில் வைத்தால் புளி மாதிரி புளிக்கும். ரத்த அழுத்தம் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகளில் வந்தது இந்தப் புளிப்புச் செடிக்குத்தான். அதைப் படித்துவிட்டு வாசல் பூவைப் பறித்துப் போட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது. வாசல் பூவுக்கு மணமும் இல்லை, பெரிய சுவையும் இல்லை. நான்கு சொட்டு எலுமிச்சை விட்டால் அழகான நிறம் வரும். புளிப்புச் செடி குடிக்கிறவர்கள் குடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள், பல்லுக்கு நல்லது. பூக்கடைச் செம்பருத்தி வேண்டாம். மருந்து தெளித்ததா என்று கேட்டாலும் உண்மை வராது.

சங்குப்பூ. நீல நிறம் பார்த்தவுடன் எல்லோருக்கும் ஆசை வரும். அந்த நிறத்துக்குக் காரணமான சாயச்சத்துதான் இதில் விசேஷம். நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல் ஆகியவற்றில் இருப்பதும் அதே குடும்பத்துச் சத்து. எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாக மாற வேண்டும். மாறாவிட்டால் சாயம் ஏற்றிய பூ என்று சந்தேகப்படுங்கள். பூ மட்டும்தான் குடிக்க. விதையும் வேரும் பேதியாக்கும். இதை வாங்குவதைவிட வளர்ப்பது லாபம். விதையை ஓர் இரவு ஊறவைத்துத் தொட்டியில் ஊன்றினால், நல்ல வெயில் இருக்கும் மாடியில் சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும்.

நன்னாரி. வெயில் காலத்துக்கு நான் இதற்கு மாறிவிடுவேன். சித்த மருத்துவத்தில் தோல் கோளாறுகளுக்குப் பழைய மருந்து. உண்மையான நன்னாரி வேர் மெலிந்து, கம்பி போல் முறுக்கி, கரும்பழுப்பாக இருக்கும். ஒடித்து முகர்ந்தால் வெனிலா வாசம். தடித்த, சதைப்பற்றுள்ள துண்டுகளைக் கொடுத்தால் அது மாகாளிக் கிழங்காக இருக்கக்கூடும். அதற்கும் அதே வாசம் வரும், அதனால்தான் ஏமாற்ற முடிகிறது. ஊறுகாய்க்கு அருமையான பொருள், ஆனால் நீங்கள் காசு கொடுத்தது அதற்கு இல்லையே. பாட்டில் நன்னாரி சர்பத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அதில் முக்கால்வாசி சர்க்கரைப் பாகு.

நெல்லி. கொலாஜன் உருவாக வைட்டமின் சி கட்டாயம் தேவை. நெல்லிக்காயில் அது நிறைய. ஆனால் தினமும் ஒரு கொய்யாவோ நெல்லியோ சாப்பிடுகிறவர் உடம்பில் பற்றாக்குறை இல்லை. அதற்கு மேலும் குடிப்பதால் கொலாஜன் பொங்கி வழியாது. காயைக் கொதிக்க வைத்தால் சத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதால் சீசனில் பச்சையாகக் கடித்துச் சாப்பிடுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் நாட்டு மருந்துக் கடையில் ‘நெல்லிமுள்ளி’ என்று கேட்டால் உலர்ந்த துண்டுகள் கொடுப்பார்கள். இரவில் ஊறப்போட்டு, காலையில் வெதுவெதுப்பான நீர் சேர்த்துக் குடிக்கலாம்.

கிரீன் டீ மூலிகைக் கணக்கில் வராது, அது தேயிலையேதான். ஆனால் தோலுக்கு என்று அதிகம் ஆராயப்பட்டது அதுதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போனால் இலையாக வாங்கி வாருங்கள். காபிக்கு உள்ளதுபோல் இதிலும் காஃபீன் உண்டு; மாலை நான்கு மணிக்கு மேல் குடித்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் முகத்தில் தெரியும். காய்ச்சிக் குடிப்பதோடு நிறுத்துங்கள். அடர்த்தியான கிரீன் டீ மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்கள் உண்டு.

ரோஜா இதழ் வாசத்துக்குச் சரி, வேறொன்றும் எதிர்பார்க்காதீர்கள். பன்னீர் ரோஜா என்று கேட்டு வாங்குங்கள். கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் பூசுவதற்கு. டீயில் போடச் சொல்லும் வீடியோக்களைக் கடந்து போங்கள்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

நாட்டு மருந்துக் கடைதான் முதல் இடம். கூட்டம் வந்து போகிற கடையாகப் பாருங்கள், சரக்கு தேங்காது. முதல் முறை 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்: இதழ் நொறுங்க வேண்டும், வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. புழுங்கிய வாடை, வெள்ளைப் பூசணம், அடியில் மாவுபோல் தூசி (வண்டு அரித்தது) என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர் விலையைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். உலர்ந்த ஆவாரம்பூ 100 கிராம் ரூ.80 அளவில். நெல்லிமுள்ளி அதைவிடக் குறைவு. நன்னாரி வேர் ரூ.150ஐத் தொடும். சங்குப்பூதான் விலை கூடியது, ரூ.250க்கு மேல். இப்போது பெட்டியில் வருகிற டீ பை கணக்கைப் பாருங்கள்: 25 பை, ஒவ்வொன்றிலும் 2 கிராம், விலை ரூ.300. அதாவது 50 கிராம் பூவுக்கு 300 ரூபாய், கோப்பைக்கு 12 ரூபாய். அதே இரண்டு கிராம் ஆவாரம்பூவை உதிரியாகப் போட்டால் கோப்பைக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம். மிச்சப் பணம் பெட்டிக்கும், அதில் சிரிக்கிற பெண்ணின் படத்துக்கும் போகிறது. பை வேண்டும் என்றே நினைப்பவர்கள் நைலான் முக்கோணப் பைகளைத் தவிருங்கள்; சுடுநீரில் நுண்பிளாஸ்டிக் உதிர்க்கும்.

தரிசு நிலத்தில் ஆவாரம்பூவை நீங்களே பறித்தால் செலவே இல்லை. சாலையோரச் செடியை மட்டும் விட்டுவிடுங்கள், புகையும் தூசியும் பூவிலேயே படிந்திருக்கும். பருத்திக் காட்டு வரப்பும் வேண்டாம், அங்கே பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். பறித்ததை அலசி, துணியில் பரப்பி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் போகும். பிறகு கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, அடுப்புக்குத் தள்ளி ஓர் இடம். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள்.

5. பாக்கெட்டாக வாங்கினால் எதைப் படிக்க வேண்டும்

முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். திருப்புங்கள்.

உணவுப் பொருளாக விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும்; பாக்கெட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சித்த மருந்தாகவோ ஆயுர்வேத மருந்தாகவோ விற்றால் மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் விற்கிறார்கள் என்றால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. ‘சங்குப்பூ பானம்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பட்டியலில் முதலில் தேயிலையோ சர்க்கரையோ வந்து, சங்குப்பூ கடைசியில் நின்றால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள். ‘இயற்கை மணமூட்டி’ என்பது பூ இல்லை. தயாரித்த தேதி, தொகுதி எண், முழு முகவரி ஆகியவையும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் ‘டீ’ என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2025 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அதனால் சில நிறுவனங்கள் ‘ஹெர்பல் இன்ஃப்யூஷன்’ என்று மாற்றிப் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது அதே பொருள்தான், தேடும்போது குழம்ப வேண்டாம்.

பில்லை வாங்கி, பாக்கெட்டின் பின்பக்கத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வாமை வந்தால் மருத்துவருக்கு அது தேவைப்படும். ஏமாற்றினார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருந்தால் அங்கே பேசுவது எளிது.

6. காய்ச்சும் முறை

பூவுக்கு ஒரு முறை, வேருக்கு ஒரு முறை.

பூ என்றால்: 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த இதழைப் போட்டு மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். சங்குப்பூவுக்கு ஆறேழு பூ போதும். ஆவாரம்பூவை மட்டும் மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடலாம், அதற்கு மேல் போனால் துவர்ப்பு ஏறும். மூடி முக்கியம், வாசம் வெளியே போகிறது என்றால் பூவில் இருந்த எண்ணெய்ச்சத்தும் கூடவே போகிறது.

வேர் என்றால்: நன்னாரியை நன்றாகக் கழுவி, நடுவில் இருக்கும் கட்டையான நரம்பை நீக்கி, உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். இடித்த வேரை ஒரு ஸ்பூன் எடுத்து, அதில் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் வடிகட்டுங்கள்.

சித்த வைத்தியத்தில் சொல்லும் குடிநீர் வேறு. தண்ணீரைக் கால் பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ சுண்டக் காய்ச்சுவது. அது மருந்து, அளவு தவறக் கூடாது. வைத்தியர் சொல்லாமல் அந்த அளவுக்குச் சுண்ட வைக்காதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, மண் ஏதாவது ஒன்று. இரும்பில் காய்ச்சினால் துவர்ப்புச் சத்து பட்டு நீர் கறுத்துவிடும். புளிப்புள்ளவற்றை அலுமினியத்தில் வைக்க வேண்டாம்.

அப்புறம் இனிப்பு. தேன், பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை எதுவாக இருந்தாலும் சர்க்கரைதான். முதல் வாரம் அரை ஸ்பூன் போட்டுப் பழகி, இரண்டாம் வாரம் நிறுத்திவிடுங்கள். இஞ்சித் துண்டோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இனிப்பு இல்லாதது பெரிதாகத் தெரியாது.

7. எப்போது, எத்தனை நாள்

வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதற்கும் இல்லை. வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் காலை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து வீணாகும். ரத்தசோகை உள்ள பெண்கள் இந்த இடைவெளியைக் கண்டிப்பாக விடுங்கள். வழக்கமாகப் பால் டீ குடிக்கும் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் இதை வைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது. பழைய டீயோடு இதையும் சேர்த்துக் குடித்தால் லாபம் ஏதும் இல்லை.

முதல் மூன்று நாள் அரைக் கோப்பை. அரிப்பு, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் இல்லை என்றால் முழுக் கோப்பை. அதிகபட்சம் நாளைக்கு இரண்டு.

தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்பட இளம் வயதிலேயே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். ‘7 நாளில் பளபளப்பு’ என்பதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் அன்று ஒரு போட்டோ, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று: அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல். கண்ணாடி முன் நின்று தினமும் பார்த்தால் எதுவும் தெரியாது, அல்லது இல்லாதது தெரியும். எட்டு வாரத்தில் வறட்சி குறைந்திருக்கலாம், தூக்கம் சீராகியிருக்கலாம். மங்கு, ஆழமான சுருக்கம், பருத் தழும்பு மாறியிருக்காது. வித்தியாசமே இல்லை என்றால் இன்னொரு மூலிகைக்குத் தாவாமல், சன்ஸ்கிரீனையும் தூக்கத்தையும் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

8. நிறுத்த வேண்டிய நேரமும் போக வேண்டிய இடமும்

உதடு, கண்ணிமை வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகி, கண் மஞ்சளித்து, பசி போனால் டீயை நிறுத்திவிட்டு ஈரல் பரிசோதனை எடுக்க வேண்டும். மச்சம் அளவிலோ நிறத்திலோ மாறினாலும், ஆறாத புண் இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூலிகை கொடுத்துப் பார்க்கிற விஷயம் அது இல்லை.

சித்த மருத்துவம் வழியாகவே போக விரும்புகிறவர்கள் யூடியூப் வைத்தியரைத் தேட வேண்டியதில்லை. சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவ மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. மற்ற மாவட்டங்களில் அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு உண்டு. செலவு பெரும்பாலும் பஸ் கட்டணம்தான். புறநோயாளிச் சீட்டு காலையில் கொடுப்பார்கள், எட்டு மணிக்குள் வரிசையில் நின்றால் மதியத்துக்குள் வேலை முடியும்.

போகும்போது ஆதார் அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரைப் பட்டியல், குடித்துக்கொண்டிருக்கும் பூவில் ஒரு பிடி, பாக்கெட் என்றால் பாக்கெட்டையே எடுத்துப் போங்கள். பூவைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அது என்ன என்று வைத்தியர் சொல்லிவிடுவார்; ‘ஏதோ ஸ்கின் டீ’ என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.